சாலைக்கு அடியில் ஒரு பிரெஞ்சுக்காரர்

இந்த வருஷ மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் வந்து நின்றபோது, எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பழைய மலர்களைப் புரட்டினேன். விஸ்வேஸ்வரய்யா வந்துவிட்டார். ராமானுஜன் இரண்டு முறை வந்துவிட்டார். அப்துல் கலாம் வராத மலரே கிடையாது. சிவில் பிரிவில் மூன்றாம் ஆண்டு படிப்பவன் என்ற முறையில், நாம் தினமும் பெயரைச் சொல்லிக்கொண்டு ஆனால் யார் என்றே கேட்காமல் விட்ட ஒருவரைப் பற்றி எழுதலாமே என்று பிறகு பட்டது. அவர்தான் பூசினெஸ்க். மண் இயக்கவியல் தேர்வுக்கு முந்தின ராத்திரி அவருடைய சூத்திரத்தை உருப்போடாத சிவில் மாணவன் உண்டா? நம் ஹாஸ்டலில் பௌசினஸ்க், போசினக்ஸ், பவுசி என்றெல்லாம் அவருக்குப் பெயர் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் பூசினெஸ்க் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவரைத் தேடிப் போக வைத்தது என்னுடைய ஒரு தப்பு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லீவில் இன்பிளான்ட் டிரெயினிங் போன இடத்தில், ஒரு தார் ரோட்டின் கனத்தைச் சரிபார்க்கும் வேலையைப் பழக்கத்துக்காக என்னிடம் கொடுத்தார்கள். கருவி ஐஐடி பேவ் என்ற மென்பொருள். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் உருவானது, இந்திய சாலைப் பேரவையின் 37ஆம் எண் நெறிநூலோடு 2012 முதல் நம் நாட்டுப் பொறியாளர்கள் கைக்கு வந்தது. வேலை சுலபம்தான். எத்தனை அடுக்கு, ஒவ்வொரு அடுக்கின் மீட்சிக் குணகம், பாய்சான் விகிதம், கனம், ஒரு சக்கரத்தின் சுமை 20,000 நியூட்டன், டயர் அழுத்தம் 0.56 மெகா பாஸ்கல், எந்த ஆழத்தில் விடை வேண்டும், ஒற்றைச் சக்கரமா இரட்டைச் சக்கரமா. இதையெல்லாம் கட்டங்களில் அடித்து ஒரு பொத்தானை அமுக்கினால் வரிசை வரிசையாக எண்கள் கொட்டும்.

எண்கள் கொட்டின. நான் ஒரு வரியைப் பிடித்து, அதிலிருந்த செங்குத்துத் திரிபைச் சமன்பாட்டில் போட்டு, இந்த ரோடு இத்தனை கோடி அச்சுகளைத் தாங்கும் என்று பெருமையாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த பொறியாளர் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் எடுத்தது ஜல்லி அடுக்கின் அடிவரி. எடுக்க வேண்டியது மண்ணின் மேல்வரி. இரண்டு அடுக்கு சந்திக்கிற ஆழத்தில் அந்த மென்பொருள் ஒரே ஆழத்துக்கு இரண்டு வரி கொடுக்கும். கீழ் அடுக்குக்கு உரிய வரியில் ஆழத்தை ஒட்டி எல் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எல்லை நான் அச்சுப்பிழை என்று நினைத்திருந்தேன்! அழுத்தம் இரண்டு வரியிலும் ஒன்றுதான். ஜல்லி கெட்டி, மண் இளக்கம். அதனால் திரிபு மட்டும் வேறு. கொஞ்சம் வேறானால் என்ன என்று கேட்கக் கூடாது. மண் அமுங்கித் தடம் விழுவதற்கான சமன்பாட்டில் திரிபின் அடுக்கு 4.5337. திரிபைப் பத்து சதவீதம் குறைத்துக் காட்டினால் ரோட்டின் ஆயுள் சுமார் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும். காகிதத்தில்தான் கூடும். அடுத்த மழைக்கு ரோடு தன் கணக்கைத் தானே சொல்லிவிடும்.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. மெஷின் கொடுத்த எண் சரி என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கல்லூரி திறந்ததும் எங்கள் சாரிடம் போய் நின்றேன். எல்லா அடுக்குக்கும் ஒரே குணகத்தைக் கொடுத்து ஓட்டிப் பார், விடை பூசினெஸ்க்கிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மனிதர்.

ஜோசப் வாலன்டின் பூசினெஸ்க் 1842 மார்ச் 13ஆம் தேதி, தெற்கு பிரான்சில் எரோ மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். ஊர் பெயர் சேந்த் ஆந்த்ரே த சாங்கோனி. திராட்சை விளையும் சீமை. அப்பா சின்ன விவசாயி. படிப்பு என்று வீட்டில் கிடைத்தது பாதிரியாரான மாமா ஒருவரிடம் கற்ற லத்தீனும் கிரேக்கமும். பதினைந்து வயதில் அம்மா இறந்துபோனார். மகன் காட்டு வேலையைப் பார்க்கட்டும் என்பது அப்பாவின் எண்ணம். மகனோ பதினாறு வயதில் மோன்பெல்லியே நகரத்துக்குக் கிளம்பிவிட்டார். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, பத்தொன்பது வயதில் கணிதத்தில் பட்டம் வாங்கினார்.

எடப்பாடிப் பக்கத்தில் இந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை. என்னோடு பத்தாவது படித்தவர்களில் பாதிப் பேர் தறிப்பட்டறையில் இருக்கிறார்கள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் முதல் வருஷம் எம்-2 அரியரோடு நின்றுவிட்டு இப்போது ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டுகிறான். வீட்டுக்கு ஒரு ஆள் கூலி வேண்டும் என்றால் மீட்சிக் கோட்பாடு நிற்காது. பூசினெஸ்க்கின் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் காலத்துப் பிரான்சில் பெரிய விஞ்ஞானி ஆக வேண்டும் என்றால் பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் அல்லது எக்கோல் நோர்மால் வழியாகத்தான் வர வேண்டும். பெயரைப் பார்த்து நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அது நாட்டிலேயே முதல் வரிசை நிறுவனம். நுழைவுத் தேர்வுக்கே வருஷக்கணக்கில் தயார் செய்வார்கள். பூசினெஸ்க் இரண்டு வாசலையும் மிதிக்கவில்லை. 1862 முதல் ஆக்த், லெ விகான், காப் என்ற சிறு ஊர்ப் பள்ளிகளில் வாத்தியார் வேலை. பகலில் பிள்ளைகளுக்குக் கணக்கு. மற்ற நேரத்தில் லாப்லாஸ், ஃபிரெனெல், கோஷி போன்றோர் எழுதியவற்றைத் தானே உட்கார்ந்து படித்தார். வழிகாட்டி இல்லை, சகமாணவன் இல்லை. இப்படிப் படித்ததால்தானோ என்னவோ, அவர் எழுத்து கடைசிவரை கரடுமுரடாகவே இருந்தது; சுருக்கிச் சொல்லத் தெரியாது, நீள நீள வாக்கியம். அவருடைய பல முடிவுகளை மற்றவர்கள் மறுபடி கண்டுபிடித்துத் தங்கள் பெயரில் போட்டுக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். விடைத்தாளில் நீட்டி முழக்குகிற நம் நண்பர்கள் கவனிக்கவும்.

1865இல் நுண்குழாய் ஏற்றம் பற்றிய அவருடைய முதல் கட்டுரை பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்குப் போயிற்று. 1867இல் வெப்பம் பரவுவது பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம். அப்போது வயது இருபத்தைந்து. வேலை என்னவோ அதே பள்ளி வாத்தியார் வேலைதான்.

அங்கேதான் ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். செயின்ட் வெனான். நம் பாடத்தில் செயின்ட் வெனன்ட் என்று வருகிறாரே, அவரேதான். பிரான்ஸின் சாலை, பாலத் துறையில் பொறியாளராக வேலை பார்த்தவர். 1797இல் பிறந்தவர், அதாவது பூசினெஸ்க்கைவிட நாற்பத்தைந்து வயது மூத்தவர். கழகத்துக்கு வந்த கட்டுரைகளில் இந்த ஊர்ப்புற வாத்தியாரின் எழுத்தைப் பார்த்து, இவரிடம் விஷயம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். கடிதம் போகத் தொடங்கியது, வருஷக்கணக்கில் தொடர்ந்தது. கரடான எழுத்தைத் திருத்தச் சொன்னது, கழகத்தில் பரிந்து பேசியது, பல்கலைக்கழக வேலைக்குச் சிபாரிசு செய்தது எல்லாம் அவர்தான். 1873இல் பூசினெஸ்க் லீல் நகரப் பல்கலைக்கழகத்தில் நுண்கணிதப் பேராசிரியர் ஆனார். செயின்ட் வெனான் 1886 ஜனவரியில் காலமானார். அதே 1886இல் பூசினெஸ்க் விஞ்ஞானக் கழகத்துக்குத் தேர்வாகிப் பாரிஸுக்கு வந்தார். பத்து வருஷம் கழித்து, 1896இல், ஆன்ரி புவாங்கரே வகித்த கணித இயற்பியல் பேராசிரியர் நாற்காலி அவருக்குக் கிடைத்தது. காப் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்து அந்த நாற்காலிவரை நடந்த தூரம் சாதாரணம் இல்லை.

அவர் வாழ்நாளில் அதிகம் எழுதியது தண்ணீரைப் பற்றித்தான். 1834இல் ஸ்காட்லாந்தில் ஸ்காட் ரசல் என்ற பொறியாளர், படகு நின்ற பிறகும் கால்வாயில் ஒரே ஒரு அலை மட்டும் வடிவம் கலையாமல் ஓடுவதைக் கண்டு குதிரையில் விரட்டிக்கொண்டே போனார். அப்படி ஒரு அலை இருக்க முடியாது என்று பெரிய பெரிய ஆட்கள் சொன்னார்கள். இருக்க முடியும் என்று 1871இல் கணக்கால் காட்டியவர் பூசினெஸ்க். 1877இல் ஓடும் நீரைப் பற்றி ஒரு பெரிய நூல் வந்தது. சுழித்து ஓடும் தண்ணீரில் ஒவ்வொரு சுழியையும் பின்தொடர முடியாது. சுழிகள் எல்லாம் சேர்ந்து தண்ணீரைக் கூடுதல் பிசுபிசுப்பு உள்ளதாக ஆக்குகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அவர் புகுத்தினார். மேட்டூர் கிழக்குக்கரை வாய்க்காலில் தண்ணீர் விட்ட முதல் நாள் போய் நின்று பார்த்தால் இது புரியும். 1895இல் இரண்டு டச்சுக்காரர்கள் பெயரில் புகழ்பெற்ற அலைச் சமன்பாடு, அந்த 1877 நூலில் ஒரு அடிக்குறிப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அடிக்குறிப்பில்! நான் சொன்னேனே, சுருக்கி முன்னால் வைக்கத் தெரியாதவர்.

மனிதனுக்குச் சுயேச்சை உண்டா, எல்லாம் இயந்திர விதிப்படி முன்பே தீர்மானமா என்று 1878இல் ஒரு நூல் எழுதினார். பக்தியுள்ளவர். சமன்பாடுகளில் சில இடங்களில் ஒரே புள்ளியில் இருந்து இரண்டு பாதை பிரிகிறதே, அந்தச் சந்தில்தான் சுயேச்சை நுழைகிறது என்று வாதாடினார். அதில் எனக்குப் பாதி புரியவில்லை, விட்டுவிடுகிறேன். பிற்காலத்தில் ஐன்ஸ்டீனின் சார்பியலை அவர் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒளி பரவ ஈத்தர் வேண்டும் என்றே நம்பினார். பெரியவர்கள் எல்லாவற்றிலும் பெரியவர்கள் ஆக இருக்க வேண்டுமா என்ன?

நமக்கு வேண்டியது 1885. அந்த வருஷம் மீட்சித் திடப்பொருள்களைப் பற்றி எழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு நூலை வெளியிட்டார். அதன் கரு 1878இலேயே கழகத்தின் முன் வைக்கப்பட்டிருந்தது. அவர் கேட்டுக்கொண்ட கேள்வி இது: கீழேயும் பக்கவாட்டிலும் முடிவே இல்லாத ஒரு திடப்பொருள். மேலே மட்டும் தட்டையான முகம். அந்த முகத்தில் ஒரே புள்ளியில் ஒரு சுமை. உள்ளே ஒவ்வொரு இடத்திலும் என்ன அழுத்தம், எவ்வளவு அமுக்கம்? ரோடு அவர் மனதில் இல்லை. லாரியே அப்போது கிடையாது. ஈர்ப்பு விசைக்குப் பயன்படும் பொட்டென்ஷியல் கணக்கைத் திடப்பொருளுக்கும் பயன்படுத்த முடியுமா என்று பார்த்தார், முடிந்தது.

விடையை நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம். சுமைக்கு நேர் கீழே செங்குத்து அழுத்தம் வேண்டுமா? சுமையை மூன்றால் பெருக்கு, இரண்டு பையாலும் ஆழத்தின் வர்க்கத்தாலும் வகு. அவ்வளவுதான். ஆழம் இரட்டித்தால் அழுத்தம் கால் பங்கு. ஆனால் பரீட்சைக்காக எழுதும்போது நாம் கவனிக்காத ஒன்று அதில் உண்டு. அந்தச் சூத்திரத்தில் மீட்சிக் குணகம் வரவே இல்லை! பாய்சான் விகிதமும் இல்லை. காவிரி மணலோ, எங்க ஊர்ச் செம்மண்ணோ, சங்ககிரி மலைப் பாறையோ, எல்லாம் ஒரே சீராக இருக்கும்வரை ஒரே சுமைக்கு ஒரே ஆழத்தில் ஒரே அழுத்தம். எவ்வளவு அமுங்கும் என்பதுதான் பொருளுக்குப் பொருள் மாறும். இதைப் புரிந்துகொண்ட அன்று லைப்ரரியில் எனக்குச் சத்தம் போட வேண்டும்போல் இருந்தது. அதே நூலில், சுமை எப்படிப் பரப்பி வைக்கப்பட்டது என்ற விவரம் தூரம் போகப்போக மறைந்துவிடும், மொத்தச் சுமை மட்டுமே மிஞ்சும் என்ற தன் குருவின் கருத்தைப் பொதுவிதியாக விரித்து எழுதினார். அதைத்தான் நாம் செயின்ட் வெனன்ட் கொள்கை என்று படிக்கிறோம்.

1918இல் ஓய்வு. 1929 பிப்ரவரி 19ஆம் தேதி பாரிஸில், எண்பத்தேழு வயதை எட்ட ஒரு மாதம்கூட இல்லாதபோது காலமானார். அதற்குச் சில வருஷம் முன்னால், 1925இல், டெர்சாகி மண் இயக்கவியலுக்கு அடிப்படை நூலை வெளியிட்டிருந்தார். கட்டட அஸ்திவாரம் போடுகிறவர்கள் நாற்பது வருஷப் பழைய பிரெஞ்சுக் கணக்கைத் தூசி தட்டி எடுத்தார்கள். அவர் இறந்த அதே 1929இல் இங்கிலாந்தில் லவ் என்பவர், புள்ளிக்குப் பதிலாக வட்டத்திலும் செவ்வகத்திலும் பரவிய சுமைக்கு விரிவான விடை கொடுத்தார். டயர் ரோட்டைத் தொடும் இடத்தை வட்டமாக எடுத்துக்கொண்டால், நம் வேலைக்கு வேண்டியது அதுதான்.

ஆனாலும் ரோட்டுக்கு பூசினெஸ்க் போதாது. ஏன்? அவர் சூத்திரத்தில் குணகம் இல்லை என்றேனே, அந்த அழகுதான் இங்கே குறை. மேலே தார்க்கலவை, நடுவே ஜல்லி, கீழே மண் என்று நாம் அடுக்கு அடுக்காகப் போடுவதே மேலடுக்கு சுமையை விரித்துக் கொடுக்கட்டும் என்றுதான். ஒரே சீரான பொருளில் அந்த விரிப்பு தெரியாது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பர்மிஸ்டர், இரண்டாம் உலகப் போர் நடந்த 1943இல், விமான ஓடுதளங்களுக்காக இரண்டு அடுக்குக் கணக்கைத் தீர்த்தார். 1945இல் மூன்று அடுக்குக்கும் விரித்தார். டயர் வட்டத்தின் ஆரமும் மேலடுக்கின் கனமும் சமம் என்று வையுங்கள். அடுக்குகள் ஒரே பொருளானால், டயர் அழுத்தத்தில் சுமார் 65 சதவீதம் கீழ் அடுக்கின் தலைக்கு வந்துவிடும். மேலடுக்கு பத்து மடங்கு கெட்டியானால் சுமார் 30 சதவீதம்தான் வரும். நாம் தாருக்கும் ஜல்லிக்கும் காசு கொடுப்பது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

பர்மிஸ்டரின் விடையில் பெசல் ஃபங்ஷன்கள் தொடராக நிற்கும். கையால் போட்டால் ஒரு புள்ளிக்கு ஒரு நாள் போகும். அதனால் முதலில் அட்டவணைகள் போட்டார்கள், பிறகு வரைபடங்கள். கம்ப்யூட்டர் வந்ததும் 1963இல் செவ்ரான் எண்ணெய்க் கம்பெனி ஒரு நிரல் எழுதியது. ஷெல் கம்பெனி பிஸ்ட்ரோ, பிறகு பைசார். பெர்க்லியில் எல்சிம்-5, கென்டக்கியில் கென்லேயர். தார் விற்பவர்களுக்கு ரோடு கணக்கில் அக்கறை இருப்பதில் ஆச்சரியம் இல்லை! நம் நாட்டில் 37ஆம் நெறிநூல் 1970இல் முதலில் வந்தபோது சி.பி.ஆர். வளைவுகளைப் பார்த்துக் கனத்தைப் படிக்கும் முறைதான். 1984இல் வாகன எண்ணிக்கைக்குப் பதில் திட்ட அச்சு எண்ணிக்கை வந்தது. பிறகு மத்திய அமைச்சகத்தின் ஆர்-56 என்ற ஆராய்ச்சித் திட்டத்தில் கரக்பூரில் எஃப்பேவ் என்ற நிரல் எழுதப்பட்டு, 2001 பதிப்பின் வடிவமைப்புப் படங்களுக்கு அடிப்படையானது. அதன் வாரிசுதான் நான் வரி மாற்றிப் படித்த ஐஐடி பேவ். 2018 பதிப்பும் அதையே வைத்து நடக்கிறது.

திட்ட அச்சு என்றால் 80 கிலோ நியூட்டன், சுமார் 8,160 கிலோ. எங்கப்பா சங்ககிரி லாரியில் டிரைவர். ஒருநாள் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். சங்ககிரியில் பாதி ஊர் லாரியை நம்பி இருக்கிறது என்பது மாவட்டத்துக்கே தெரியும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ரோடு போட்டு லாரியை ஓட்டியே தேய்த்துப் பார்த்த சோதனையில், சேதம் ஏறக்குறைய அச்சுச் சுமையின் நான்காம் அடுக்காக ஏறுகிறது என்று தெரிந்தது. திட்ட அச்சின் இரண்டு மடங்கு ஏற்றினால் சேதம் பதினாறு மடங்கு. நாலு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு நம் சட்டம் 10.2 டன் அனுமதித்திருந்தது. 2018இல் அதை 11.5 டன் ஆக்கினார்கள். சட்டப்படி ஏற்றினாலே, முன்பு திட்ட அச்சின் 2.4 மடங்காக இருந்த சேதம் இப்போது 3.9 மடங்கு. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, லோடு ஏத்தறது டிரைவர் இல்லையே, வாடகை கட்டுப்படியாகணுமில்ல என்றார். அதுவும் நியாயம்தான். அதற்கு எந்த மென்பொருளிலும் கட்டம் இல்லை.

இனி அந்தச் சோதனை. கல்லூரி லேபில் ஒரு மதியம் உட்கார்ந்தேன். மூன்று அடுக்கு: 100 மி.மீ., 450 மி.மீ., கீழே மண். மூன்றுக்கும் ஒரே குணகம், ஒரே பாய்சான் விகிதம். சக்கரம் ஒன்று. 20,000 நியூட்டன், 0.56 மெகா பாஸ்கல் என்றால் டயர் வட்டத்தின் ஆரம் 106.6 மி.மீ. வரும். மெஷினை ஓட்டும் முன் நோட்டில் கையால் போட்டேன். 100 மி.மீ. ஆழத்தில் புள்ளிச் சுமைச் சூத்திரம் 0.955 மெகா பாஸ்கல் என்றது. டயரின் அழுத்தமே 0.56தான், கீழே போய் எப்படிக் கூடும்? புள்ளி என்று எடுத்துக்கொண்டது பக்கத்தில் செல்லாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். வட்டச் சுமைக் கணக்கில் 0.381 வந்தது. 550 மி.மீ. ஆழத்துக்குப் போனதும் புள்ளி 0.0316, வட்டம் 0.0302. இரண்டும் கிட்டே வந்துவிட்டன. குருவின் கொள்கையும் சீடனின் சூத்திரமும் என் நோட்டில் ஒரே பக்கத்தில் இருந்தன.

பிறகு பொத்தானை அமுக்கினேன். 100இல் 0.381. 550இல் 0.0302. முன்னால் கழித்தல் குறி இருந்தது; அமுக்கத்தை அந்த மென்பொருள் கழித்தலாகக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எல் போட்ட வரியையும் போடாத வரியையும் ஒப்பிட்டேன். பொருள் ஒன்றே ஆனதால் இப்போது திரிபும் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. குணகத்தைப் பத்து மடங்காக்கி மறுபடி ஓட்டினேன். அழுத்தம் நகரவில்லை.

செய்து பார்க்க விரும்பும் இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. விடை ஒத்துவரவில்லை என்றால் முதலில் சக்கர எண்ணிக்கையைப் பாருங்கள். இரட்டைச் சக்கரம் என்று விட்டுவிட்டால் 310 மி.மீ. தள்ளி இருக்கும் பக்கத்துச் சக்கரத்தின் சுமையும் வந்து சேரும், ஆழத்தில் நன்றாகவே கூடும். அடுத்து, கனத்தை சென்டிமீட்டரில் அடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நான் முதல் முறை அதையும் செய்தேன்.